பெயர் சொல்லாப் புலம்பல்

லிங்கனைப் பாடிய விட்மன்

இறந்துபட்ட தலைவனை எண்ணி, இருந்தோர் இரங்கிப் பாடுவதைக் கையறுநிலை என்பர் தமிழ் இலக்கணத்தார். அத்துறைப் பாடல்களில் தலைவனுடைய பெயரும் குடியும் கொடையும் வீரமும் எடுத்துரைக்கப்படுதல் பெருவழக்கு. இழக்கப்பட்டவர் யாவர், எத்தகையவர் என்பது தெரிந்தாலன்றி இழப்பின் அளவு விளங்காது. இது கற்றோர் அனைவரும் அறிந்ததே.

ஆனால், ஒரு நாட்டின் தலைவர் பலர் நடுவே சுட்டுக் கொல்லப்படுகின்றார். அவரை நெஞ்சார நேசித்த கவிஞர் ஒருவர் நான்கு பாடல்கள் பாடுகின்றார். அந்நான்கனுள் ஒன்றிலேனும் அத்தலைவரின் பெயர் வரவில்லை. வால்ட் விட்மன் ஆபிரகாம் லிங்கனைக் குறித்துப் பாடிய இரங்கற்பாக்கள் இவ்வாறு அமைந்தவை. பிற்காலப் பதிப்பில் அவற்றைத் தொகுத்து வைத்த பகுதியின் தலைப்பில் மட்டுமே லிங்கன் என்னும் பெயர் இருக்கின்றது. பாட்டின் அடிகளில் இல்லை.

பெயர் கூறாமை மறதியால் நேர்ந்ததன்று. அஃது ஒரு நெறி. அந்நெறியால் அப்பாடல்கள் எய்திய உயர்வு யாது, அவை இழந்தது யாது என்னும் இரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் இலக்கியம் கற்பிப்போர்க்குப் பயனுடையதாகும்.

கவிஞரும் தலைவரும்

விட்மன் 1819ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த லாங் ஐலண்டில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே பள்ளியை விட்டு அச்சுக்கூடத்திற்குச் சென்றார். எழுத்துக் கோப்பவராகவும், நாட்டுப்புறப் பள்ளி ஆசிரியராகவும், செய்தித்தாள் ஆசிரியராகவும் பணி செய்தார். 1855இல் 'புல்லின் இதழ்கள்' என்னும் நூலைத் தம் செலவிலேயே வெளியிட்டார். அதில் இருந்தவை பன்னிரண்டு பாடல்களே. நூலின் தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இல்லை; எதிர்ப் பக்கத்தில் அவருடைய படம் மட்டும் இருந்தது. பெயர் முதற்பாட்டின் நடுவில்தான் வந்தது. பெயரைச் சொல்வதிலும் சொல்லாமல் விடுவதிலும் ஒரு கருத்து உண்டு என்பதை விட்மன் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார் என்பதற்கு இஃது ஒரு சான்று. எதுகை, சீர் ஆகிய கட்டுகளை விடுத்து வசன நடையில் கவிதை செய்த அவரைப் பற்றிப் பாரதியார் எழுதியிருப்பதால், தமிழ் படிப்போர்க்கு அவர் முற்றும் அயலார் அல்லர்.

லிங்கன் 1809 பிப்ரவரி 12ஆம் நாள் கென்டக்கி மாநிலத்தில் ஒரு மரக்குடிசையில் பிறந்தவர். அவர் 1861 மார்ச்சில் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். அடுத்த மாதமே உள்நாட்டுப் போர் மூண்டது.

1862 டிசம்பரில், பிரெடரிக்ஸ்பர்க் போரில் தம் தம்பி ஜார்ஜ் காயமுற்றார் என்னும் செய்தி கேட்டு விட்மன் அவரைத் தேடிச் சென்றார். தம்பியின் காயம் சிறிது. ஆனால் அங்கே கண்ட காட்சி பெரிது. அதன்பின் விட்மன் வாஷிங்டன் நகரிலேயே தங்கி, அலுவலகப் பணி போக எஞ்சிய நேரத்தையெல்லாம் படைமருத்துவமனைகளிற் செலவிட்டார். காயமுற்றோர்க்குப் பழமும் புகையிலையும் எழுதுதாளும் கொண்டு சென்றார். எழுத இயலாதவர்க்காக அவர்தம் வீட்டாருக்குக் கடிதம் எழுதித் தந்தார். சாகுந்தறுவாயில் இருந்தோரின் அருகே இரவெல்லாம் அமர்ந்திருந்தார்.

அந்நாளில் லிங்கன் குதிரைமீதோ வண்டியிலோ தெருவழியே செல்வதை விட்மன் பலமுறை கண்டதுண்டு. ஒருவர்க்கொருவர் தலைவணங்கியதும் உண்டு. ஆயினும், இருவரும் அமர்ந்து உரையாடியதற்குச் சான்று இல்லை. ஆகவே, இவர் பாடியது நண்பரை இழந்த புலம்பல் அன்று. தெருவோரத்தில் நின்று கண்ட ஒரு முகத்தை இழந்த புலம்பல். இவ்வேறுபாடு பின்னர் வருவனவற்றை விளக்க உதவும்.

1865 ஏப்ரல்

1865 ஏப்ரல் 9ஆம் நாள் தென்னாட்டுப் படைத்தலைவர் லீ சரணடைந்தார். ஐந்து நாட்கள் கழிந்தன. ஏப்ரல் 14, பெரிய வெள்ளிக்கிழமை இரவு, வாஷிங்டனில் ஃபோர்டு நாடக அரங்கில் லிங்கனை ஜான் வில்க்ஸ் பூத் என்னும் நடிகன் சுட்டான். மறுநாட் காலை அவர் உயிர் நீங்கிற்று. அன்று விட்மன் புரூக்ளினில் தம் அன்னையின் இல்லத்தில் இருந்தார். அப்பொழுது லைலாக் மலர்கள் பூத்திருந்தன. அம்மணம் எப்பொழுது வந்தாலும் அந்நாளின் துயரம் நினைவுக்கு வருவதாக அவர் பிற்காலத்துச் சொற்பொழிவில் குறிப்பிட்டார்.

லிங்கனின் உடலைத் தாங்கிய தொடர்வண்டி ஏப்ரல் 21ஆம் நாள் வாஷிங்டனை விட்டுப் புறப்பட்டு, பல நகரங்களில் நின்று நின்று, மே 3ஆம் நாள் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டை அடைந்தது. வழிநெடுகிலும் மக்கள் இரவு பகலாகக் காத்திருந்தனர். இப்பயணமே விட்மனின் பெரும்பாட்டிற்குக் களம் ஆயிற்று.

மீகாமன் பாட்டு

விட்மன் பாடியவற்றுள் உலகம் மிகுதியாக அறிந்தது 'ஓ கேப்டன்! மை கேப்டன்!' என்னும் சிறு பாட்டே. 1865 நவம்பரில் வெளிவந்த இது மூன்று பகுதிகளை உடையது. கப்பல் புயலைக் கடந்து துறைமுகத்தை நெருங்குகின்றது. கரையில் மக்கள் ஆரவாரிக்கின்றனர். ஆனால் மீகாமன் மேல்தளத்தில் இறந்து கிடக்கின்றான். கப்பல் நாடு, புயற்பயணம் போர், மீகாமன் லிங்கன். இவ்வளவே உருவகம்.

இப்பாட்டின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. வெற்றி முழக்கமும் சாவின் அமைதியும் ஒரே கணத்தில் மோதுவதை அது நன்கு காட்டுகின்றது. விட்மன் வழக்கமாக விலக்கிய ஓசையொழுங்கையும் ஒலியியைபையும் இதில் மேற்கொண்டமையால், பள்ளிச் சிறாரும் மனப்பாடம் செய்து ஒப்பிக்க முடிகின்றது. நாடு முழுவதும் ஒருங்கு கூடி அழும்போது எல்லோர்க்கும் தெரிந்த ஓசை தேவைப்படுகின்றது. அத்தேவையை இப்பாட்டு நிறைவு செய்தது.

எனினும் இதன் குறை வெளிப்படையானது. உருவகத்தின் ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒரே ஒரு பொருள்தான் உண்டு. அப்பொருள் விளங்கியவுடன் பாட்டு முடிந்துவிடுகின்றது. மறுமுறை படிப்போர்க்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. பெயர் கூறாவிடினும் கூறியது போன்றதே இது. மேலும், இதில் இறந்து கிடப்பவன் மீகாமன் ஒருவனே. அவனுடன் பயணம் செய்து மாண்டவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. போரில் மாண்ட படைவீரர் 6 இலட்சத்துக்கு மேற்பட்டவர். அவர்களுள் எத்தனையோ பேரின் படுக்கையருகே அமர்ந்திருந்த கவிஞரின் பாட்டில் இக்குறை பெருங்குறையே. முதுமையில், இதனை எழுதியதற்காகவே வருந்தும் அளவிற்குத் தமக்குச் சலிப்பு உண்டாயிற்று என விட்மன் தம் நண்பர் டிராபெலிடம் கூறினார். ஆயினும், லிங்கனைப் பற்றி அவர் சொற்பொழிவு நிகழ்த்திய போதெல்லாம் அவையோர் விரும்பிக் கேட்டது இதனையே.

மலரும் மீனும் பறவையும்

இரண்டாவது பாட்டு, வாசல் முற்றத்தில் லைலாக் பூத்த பருவத்தைத் தலைப்பாகக் கொண்டது. இஃது இருநூறு அடிகளைக் கடந்த நெடும்பாட்டு. முடிந்த வடிவில் பதினாறு பகுதிகளாக அமைந்தது. இதில் உருவகமாக வருவன மூன்று. ஒன்று லைலாக்: குளிர்நாடுகளில் இளவேனிலில் கொத்துக்கொத்தாகப் பூக்கும் மணமலர், இதன் இலை நெஞ்சு வடிவினது. மற்றொன்று மேற்கே தாழும் அந்தி வெள்ளி. அவ்வாண்டின் தொடக்கத்தில் அம்மீன் மிக ஒளியுடன் தோன்றியதை விட்மன் தாமே கண்டு எழுதியுள்ளார். மூன்றாவது ஹெர்மிட் திரஷ் என்னும் பறவை. துறவி என்னும் பொருள்படும் பெயருடையது. சதுப்பு நிலத்துக் காட்டில் தனித்திருந்து பாடும் இதன் இயல்பை இயற்கை நூலாசிரியர் ஜான் பரோஸ் விட்மனுக்கு விளக்கினார்.

இம்மூன்றையும் மீகாமன் பாட்டின் கப்பலைப் போல ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்திவிட இயலாது. வெள்ளி லிங்கன் எனலாம். ஆனால் அது மறைந்து மறைந்து தோன்றுவதாயும் இருக்கின்றது. லைலாக் அன்பு எனலாம். ஆனால் ஆண்டுதோறும் பூத்து ஆண்டுதோறும் துயரையும் கொண்டுவருவது அதுவே. பறவையின் பாட்டோ சாவை வெறுக்காமல் வரவேற்கின்றது. படிப்போர் திரும்பத் திரும்பச் சென்று பொருள் காணும்படி இவை அமைந்துள்ளன.

பாட்டின் திருப்புமுனை ஓரிடத்தில் இருக்கின்றது. சவப்பெட்டி வயல்களையும், கரிய துணி போர்த்த நகரங்களையும், விளக்கேந்தி நிற்கும் மக்களையும் கடந்து செல்கின்றது. கவிஞர் தாம் ஒடித்த லைலாக் கொத்தை அதன்மேல் வைக்கின்றார். வைத்தவுடன் கூறுகின்றார்: இஃது ஒருவர்க்கு மட்டும் அன்று; எல்லாச் சவப்பெட்டிகட்கும் உரியது. அவ்விடத்திலேயே ஒரு தலைவரின் இரங்கற்பா ஒரு தலைமுறையின் இரங்கற்பாவாக மாறிவிடுகின்றது. பின்னர் வரும் காட்சியில் கிழிந்த கொடிகளும், போர்க்களத்துப் பிணங்களும், இளைஞரின் வெள்ளெலும்புகளும் தோன்றுகின்றன. மாண்டவர் துன்புறவில்லை, எஞ்சியிருக்கும் தாயும் மனைவியும் குழந்தையும் தோழனுமே துன்புறுகின்றனர் என்னும் தெளிவுக்குக் கவிஞர் வருகின்றார். மருத்துவமனையில் அவர் கண்டறிந்த உண்மை அது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. இறந்தவரின் கல்லறைச் சுவரில் எந்த ஓவியங்களை மாட்டுவது என்று கவிஞர் வினவுகின்றார். போர்வெற்றிகளையோ அரசாணைகளையோ அவர் தேர்ந்தெடுக்கவில்லை. இளவேனிற் பண்ணைகள், மாலைக் கதிரவன், புகைபோக்கிகள் நிறைந்த நகர், வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர் ஆகியோரின் படங்களையே தேர்ந்தெடுக்கின்றார். மன்ஹாட்டன், ஒகாயோ, மிசூரி என இடப்பெயர்கள் பாட்டில் வருகின்றன. ஆளின் பெயர் மட்டும் வரவில்லை.

புறத்தில் ஓர் அகநெறி

இவ்விடத்தில் தமிழ் மரபை ஒப்புநோக்குதல் விளக்கம் தரும். புறநானூற்று 242ஆம் பாட்டில், ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின், குடவாயிற் கீரத்தனார் முல்லைக்கொடியை நோக்கிப் பேசுகின்றார். சூடுவார் இல்லாத நாட்டில் அது பூத்திருப்பதைக் கண்டு வினவுகின்றார். விட்மனின் லைலாக்கும் இத்தகைய மலரே. மாண்டவர் மீளார், மலரோ மீண்டும் பூக்கும் என்பதே இரண்டிலும் உள்ள துயரம். வேறுபாடு என்னவெனின், கீரத்தனார் மலரிடம் முறையிடுகின்றார். சாத்தனின் பெயரையும் கூறுகின்றார். விட்மன் மலரை ஒடித்துக் காணிக்கையாக்குகின்றார், பெயரை மறைக்கின்றார்.

தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டலாகாது என்னும் விதி, தொல்காப்பியர் அகத்திணைக்கு வகுத்தது. பெயர் இல்லாத போது அக்காதல் யாவர்க்கும் பொதுவாகின்றது. பருவமும் மலரும் பறவையும் உணர்ச்சியைத் தாங்கி நிற்கின்றன. விட்மன் அவ்விதியை அறிந்தவர் அல்லர். ஆயினும் அவர் புறப்பொருளை எடுத்துக்கொண்டு, அதனை அகப்பொருள் போலப் பாடியிருக்கின்றார் என்று கூறுதல் பொருந்தும். தெருவோரத்தில் நின்று கண்ட ஒருவரைத் தமக்குரியவர் எனக் கொள்வதற்கு அவருக்கு வேறு வழியும் இல்லை.

கெட்டிஸ்பர்க் உரையிலும் இத்தகைய அடக்கத்தைக் காணலாம். 1863 ஜூலை முதல் மூன்று நாட்களில் கெட்டிஸ்பர்க்கில் பெரும்போர் நிகழ்ந்தது. அங்கே மாண்டோர்க்கான இடுகாட்டை அந்த நவம்பர் 19ஆம் நாள் நாட்டுக்கு உரிமையாக்கினர். எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கன் பேசியது ஏறத்தாழ 270 சொற்களே. அவ்வுரையில் கெட்டிஸ்பர்க் என்னும் ஊர்ப்பெயர் இல்லை. படைத்தலைவர் பெயர் ஒன்றும் இல்லை. வடக்கு, தெற்கு என்னும் பிரிவும் இல்லை. மாண்டவர்க்குப் பெயர் கூறாமற் பேசிய தலைவர்க்குப் பெயர் கூறாமலே இரங்கல் பாடப்பட்டது.

பெயர் கூறாததன் இழப்பு

இத்துணைச் சிறப்புடைய நெறிக்கு ஒரு விலையும் உண்டு. திறனாய்வாளர் அதனை மறைத்தல் ஆகாது.

லைலாக் பாட்டை முழுவதும் படித்து முடித்த ஒருவர், இறந்தவர் எதன்பொருட்டு இறந்தார் என்பதை அதிலிருந்து அறிய முடியாது. போர் மூளுமுன் அமெரிக்காவில் ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் அடிமைகளாய் இருந்தனர். வடநாட்டுப் படையில் ஏறத்தாழ 1,80,000 கருப்பின வீரர் போரிட்டனர். 1865 ஏப்ரல் 11ஆம் நாள், தம் இறுதிப் பொதுவுரையில், கருப்பினத்தாருள் ஒரு சாரார்க்கேனும் வாக்குரிமை வழங்கலாம் என்று லிங்கன் கூறினார். அதைக் கேட்ட கூட்டத்தில் பூத்தும் இருந்தான். மூன்று நாட்களில் கொலை நிகழ்ந்தது. இவற்றுள் ஒன்றும் பாட்டில் இல்லை. அடிமை என்னும் சொல்லே இல்லை. பாட்டில் தோன்றும் பிணங்களுக்கு நிறமும் இல்லை, காரணமும் இல்லை.

விட்மன் இதனை அறியாதவர் அல்லர். தப்பியோடிய அடிமை ஒருவனைத் தம் இல்லத்தில் ஏற்று, அவன் புண்ணைக் கழுவிப் பேணியதாக 1855ஆம் ஆண்டு நூலில் பாடியவர் அவரே. பத்தாண்டு கழித்து, அவ்வடிமையின் விடுதலைக்கு ஆணையிட்டவர் இறந்தபோது, அவனுக்கு அழுவோர் வரிசையில் இடம் தரப்படவில்லை. எல்லோர்க்கும் பொதுவாக அழ வேண்டும் என்னும் விருப்பம், வென்றவரையும் தோற்றவரையும் ஒன்றாகத் தழுவிக்கொண்டது. அத்தழுவலில், போரின் காரணமாய் இருந்தோர் மறைந்து போயினர்.

இக்குறையை நிறைவு செய்தது வேறொரு குரல். 1876 ஏப்ரல் 14ஆம் நாள், கொலை நிகழ்ந்து பதினோராண்டு நிறைந்த அன்று, வாஷிங்டனில் லிங்கன் சிலை ஒன்று திறக்கப்பட்டது. அடிமைத்தளையினின்று விடுபட்டோர் கொடுத்த பொருளால் அமைந்த சிலை அது. முதற்கொடை சார்லட் ஸ்காட் என்னும் விடுதலையுற்ற மாது தந்த 5 டாலர். விழாவில் பேசியவர் பிரெடரிக் டக்ளஸ். தாமே அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்தவர். தம் வரலாற்றை 1845இல் நூலாக எழுதியவர். தலைவர் கிராண்ட் முதலிய பெருமக்கள் வீற்றிருந்த அவையில், லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் தலைவரே என்றும், கருப்பின மக்கள் அவருக்கு மாற்றாந்தாய் மக்களைப் போன்றவரே என்றும் டக்ளஸ் அஞ்சாமல் கூறினார். அதே உரையில், அக்காலத்து நாட்டு மக்களின் மனநிலையோடு வைத்து அளந்தால் லிங்கன் விரைவும் உறுதியும் உடையவர் என்றும், அவரால் விடுதலை கிட்டியது என்றும் நன்றியுடன் போற்றினார்.

டக்ளஸ் பெயரைச் சொன்னார். சொன்னதால், செய்தது இது, செய்யாதது இது என்று கணக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. பெயரைச் சொல்லாத விட்மனுக்கு அக்கடமை நேரவில்லை. விட்மனின் பாட்டில் துயரம் நிறைந்திருக்கின்றது. டக்ளசின் உரையில் துயரத்தோடு நீதியும் இருக்கின்றது. ஒன்று மற்றொன்றினும் தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூறுதல் பயனற்றது. ஆனால் ஒன்றை மட்டும் படித்தவர் லிங்கனையும் அறியார், அமெரிக்காவையும் அறியார்.

இரு சுவர்கள்

வாஷிங்டனில் 1922 மே 30ஆம் நாள் திறக்கப்பட்ட லிங்கன் நினைவகம் இதற்கு ஒரு விளக்கம் போல அமைந்துள்ளது. நடுவே 19 அடி உயரமுள்ள லிங்கனின் அமர்ந்த சிலை. தென்புறச் சுவரில் கெட்டிஸ்பர்க் உரை பொறிக்கப்பட்டுள்ளது. வடபுறச் சுவரில் 1865 மார்ச்சு 4ஆம் நாள் அவர் இரண்டாம் முறை பதவியேற்றபோது நிகழ்த்திய உரை உள்ளது. தென்சுவர் உரையில் அடிமை என்னும் சொல் இல்லை. வடசுவர் உரையிலோ, போருக்குக் காரணம் அடிமைமுறையே என்பது ஒளிவுமறைவின்றிக் கூறப்பட்டுள்ளது. புதைகுழிகளின் முன் நின்றபோது பெயர்களை அடக்கிக்கொண்ட அதே மனிதர், நாட்டின் முன் நின்றபோது காரணத்தைப் பெயரிட்டே சொன்னார். இரண்டிற்கும் உரிய இடம் எது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்நினைவகத்தின் திறப்பு விழாவிலேயே கருப்பின மக்களைத் தனியே பிரித்து அமர்த்தினர் என்பதை எண்ணினால், வடசுவரில் எழுதியது எத்துணை இன்றியமையாதது என்பது புலப்படும்.

விட்மனின் லைலாக் பாட்டு தென்சுவரின் இனத்தைச் சேர்ந்தது. டக்ளசின் உரை வடசுவரின் இனத்தைச் சேர்ந்தது. வகுப்பறையில் மீகாமன் பாட்டை ஒப்பிக்கச் செய்வதோடு நின்றுவிடும் ஆசிரியர் இவ்விரு சுவர்களையும் காட்டாமல் வாயிற்படியிலேயே மாணவரை நிறுத்தியவர் ஆவார். மீகாமன் பாட்டிலிருந்து லைலாக் பாட்டிற்கும், அதிலிருந்து டக்ளசின் உரைக்கும் அழைத்துச் செல்பவரிடம் பயிலும் மாணவர், தம் மொழியின் கையறுநிலைப் பாடல்களைப் படிக்கும்போதும் இரண்டு வினாக்களை எழுப்பக் கற்றுக்கொள்வர்: இப்பாட்டில் யார் பெயர் சொல்லப்பட்டது? யார் பெயர் விடப்பட்டது?